ஏழு மணி நேரம் பாட்டு

“உங்க தங்கச்சிக்கு வேலைக்குப் போக நேரம் எங்க இருக்கு மச்சான்? பாட்டு கேக்கறதுக்கே பொழுது பத்தலையே!”

அதிகாரி இப்படிப் போட்டாரே ஒரு போடு, மச்சான் குடிக்க எடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

அவர் வந்ததே இதைப் பேசத்தான். பக்கத்துத் தெரு பல் டாக்டர் கிளினிக்கில் தங்கைக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வருகிறாளா இல்லையா என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அவள் புருஷனோ பிடி கொடுக்கவே இல்லை.

புருஷன் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்குப் பிரிண்ட் எடுத்தே வைத்திருந்தார். அதுவும் கலரில்.

“பாருங்க. திங்கள், ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம் பாட்டு. செவ்வாய், ஏழு மணி பத்து. புதன், ஏழே கால். நான் ஆபீஸ்ல நாய் படாத பாடு படறேன், இங்க கச்சேரி நடக்குது. இவ வேலைக்கும் போயிட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?”

அந்தக் கேள்விக்குத்தானே மனுஷன் காத்திருந்தார்! செருப்பு அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த சோப்பு டப்பா அளவுப் பெட்டியை, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

“சர்வர். நம்ம சொந்த மியூசிக் சர்வர். முந்நூறு சிடி, நான் ஒத்தை ஆளா ஏத்தினேன். பதினோரு ஞாயித்துக்கிழமை! வீட்டுல எல்லார் போன்லயும் இதுலேர்ந்துதான் பாட்டு வரும். யார் எதை எவ்வளவு நேரம் கேட்டாங்கன்னு கணக்கும் இதுவே எழுதிடும். பெரிய கம்பெனிக்காரனுக்கு மாசாமாசம் பணத்தையும் அழுதுட்டு, நாம என்ன கேக்கறோம், எப்போ கேக்கறோம்னு அவன் உளவு பார்க்கவும் விடணுமா? மானக்கேடு இல்ல?”

மச்சான் பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த கலர் பிரிண்டைப் பார்த்தார்.

“அப்போ இதுக்குப் பேர் என்ன?”

“வீட்டுக்குள்ள பார்த்தா அது உளவு இல்ல மச்சான். அக்கறை.”

சாப்பாட்டு மேஜையில் காலேஜ் நோட்டை விரித்து வைத்திருந்த மகள் சட்டென்று குனிந்துகொண்டாள். அதிகாரி அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

“இதோ, பொண்ணைப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரே மணி நேரம். கூட இல்ல, குறைய இல்ல. அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு. அம்மாக்காரிக்கு அது எங்க இருக்கு?”

மச்சான் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரே ஆல்பமே நாள் முழுக்க ஓடியிருக்கே?”

“கிளாரினெட்! நான் ஏத்தினதுலேயே அதுதான் உசத்தி. அவ ரசனையை நான் குறை சொல்ல மாட்டேன். நேரத்தைத்தான் சொல்றேன்.”

உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் காதில் எல்லாம் விழாமல் இருக்குமா? வாசற்படியில் வந்து நின்றாள்.

“மறைக்காதே. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது,” என்றார் அதிகாரி. “அந்த டாக்டருக்குப் போன் பண்ணி, முடியாதுன்னு சொல்லிடு.”

உள்ளே போனாள். துணி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போர்வைகளுக்கு அடியிலிருந்து, கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனைச் சார்ஜரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, அந்தக் கலர் பிரிண்ட் மேலேயே வைத்தாள்.

திரையில் கிளாரினெட் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை.

“என்ன இது?”

“நீங்க சொன்ன ஏழு மணி நேரம்,” என்றாள். “இந்தப் பெட்டி வந்த முதல் மாசம் ஒரு ஈ காக்கா கேக்கலை. நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்து ஷூவைக்கூடக் கழட்டாம கம்ப்யூட்டரைத் திறப்பீங்க. பூஜ்யம்னு இருந்தா அன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு இல்லேன்னு தட்டைத் தள்ளுவீங்க. பதினோரு ஞாயித்துக்கிழமை உழைச்ச மனுஷனைப் பார்க்க எனக்கே மனசு கேக்கலை. அதான் தினம் காலையில சத்தமில்லாம பாட்டைத் தட்டிவிட்டு, போர்வைக்கு அடியில தள்ளிட்டு, என் வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.”

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. கேட்க வேண்டியது மன்னிப்பு. அவர் கேட்டது வேறு.

“அப்போ... கிளாரினெட்டை நீ ஒரு தடவைகூடக் கேக்கலையா?”

மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். “அம்மா, அதான் குட்டு உடைஞ்சுபோச்சே. நானும் இனிமே நிறுத்திடட்டுமா? தினம் குளிக்கப் போறப்போ ஞாபகமா என் போன்ல ஒரு மணி நேரம் போட்டுவிடறது பெரிய தொல்லையா இருக்கு.”

“நிறுத்திடாதேடி,” என்றாள் அம்மா. “திங்கக்கிழமையிலேர்ந்து காலையில நான் கிளினிக்குக்குப் போயிடுவேன். என் பழைய போனையும் சேர்த்து நீயே தட்டிவிட்டுடு. சாயங்காலம் வந்து பார்த்தா, பாவம், அப்பா முகம் வாடிடும்.”