ஓன்னோ சொன்ன ‘நீங்கள்’

“திருமதி ஹார்ம்ஸ், நாங்க உள்ள வரலாமா? நீங்க கொஞ்சம் உட்காருங்க” என்றான் ஓன்னோ.

இம்கேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ரொட்டியைப் பிடுங்கித் தின்றவன். அவள் கல்யாணத்தன்று குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவன். அவனுக்கு இன்றைக்கு அவள் திருமதியாம்.

“என்னடா, சீருடையைப் போட்டா மரியாதை தானா வந்துடுதோ? பின்னாடி உன் மேலதிகாரி நிக்கிறாரா?”

பின்னால் நின்றது ஓர் இளம் போலீஸ்காரி. அவள் சிரிக்கவில்லை. ஓன்னோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

கடலோரத்து அந்தச் சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். புதிதாக வந்த பாதிரியார்கூட ஒரே மாதத்தில் ‘நீ’ ஆகிவிட்டார். ‘நீ’யாக இருந்தவர்கள் ‘நீங்கள்’ என்று மாறினால், நடுவில் வக்கீல் புகுந்துவிட்டார் என்று ஊர் புரிந்துகொள்ளும்.

அவள் மகன் தியார்க் நேற்று மாலை பக்கத்து ஊருக்கு நடனமாடப் போனவன். காலையில் படுக்கை கலையாமல் கிடந்தது. எவள் வீட்டிலோ தூங்குகிறான் என்று தலையில் அடித்துக்கொண்டு தேநீர் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைதானே. அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை.

இப்போதுதான் அவன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

“திருமதி ஹார்ம்ஸ், உங்க மகன்...”

“நிறுத்து.” அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் திருமதி ஹார்ம்ஸ் யாரோ, அவகிட்டப் போய்ச் சொல்லு. நான் இம்கே. என்னை இம்கேன்னு கூப்பிடு. நீன்னு சொல்லு. அப்புறம் எதை வேணும்னாலும் சொல்லு.”

ஓன்னோ தொப்பியைப் பார்த்தபடியே சொன்னான்.

“உங்க மகன் இறந்துட்டார், திருமதி ஹார்ம்ஸ். அணைக்கரை வளைவில கார் மரத்துல மோதிடுச்சு.”

‘இறந்துட்டார்.’ சின்ன வயதில் தான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளையைச் சொல்கிறான்.

“பாவி! இந்த நேரத்துலகூடவா? உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடா?” இம்கே அவன் மார்பில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. போலீஸ்காரி ஓரடி முன்னே வந்து, அவன் தலையசைக்க, நின்றுவிட்டாள்.

குத்திக்கொண்டே இருந்தவளின் கை சட்டென்று நின்றது. கார். தியார்க்கிடம் ஏது கார்? ஓன்னோவின் மகன் ஹாயோ வந்துதான் கூட்டிப்போனான்.

ஐயோ, இவனுக்கும் ஒரே பிள்ளை.

அவள் அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அவன்மேல் அவ்வளவு இரக்கம் பொங்கியது. “ஓன்னோ... ஹாயோ? ஹாயோ எப்படிடா இருக்கான்?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கையில கீறல். அவ்வளவுதான். அவன்தான் ஓட்டினான். குடிச்சிருந்தான். நானே வந்து உங்ககிட்டச் சொல்லணும்னு கேட்டு வந்தேன்.”

இம்கே அவன் முகத்திலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு உள்ள வரட்டும்” என்றாள். “நீங்க வெளியவே நில்லுங்க.”