தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

கதவு பின்னால் டக்கென்று சாத்திக்கொள்கிறது. கையில் குப்பைப் பையோடு, பனியனும் லுங்கியுமாக அவன் திரும்பிப் பார்க்கிறான். வெளிப்பக்கம் பிடி இல்லை, சாவித்துவாரம் மட்டும்தான். “சாவி இல்லாம வெளியே கால் வெச்சிடாதீங்க, தானா பூட்டிக்கும்” என்று மனைவி காலையில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய வேலைக்காகத்தான் இந்தத் தேசத்துக்கே வந்தார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விமான நிலையத்தில் மாமனார், “வீட்டை மாப்பிள்ளை பார்த்துப்பார்” என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டது இப்போது காதில் கேட்கிறது. சாவியும் போனும் உள்ளே மேசைமேல். அடுப்பில் பால். அறையில் குழந்தை தூங்குகிறது. ஜன்னலில்லாத இந்த நடைவழியில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். அவன் உறைந்து நின்றதில் அது அணைந்துவிடுகிறது. கையை வீசுகிறான், எரிகிறது. குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவிலுள்ள கண்ணாடித் துளை இருள்கிறது. யாரோ பார்க்கிறார்கள். இந்த ஊர் மொழியில் கற்றுவைத்திருந்த நாலு வார்த்தையும் வாயில் வர மாட்டேன் என்கிறது. “அக்கா... அண்ணா... யாரா இருந்தாலும் சரி, உள்ள குழந்தை இருக்குங்க!” இரண்டு கைகளையும் சேர்த்துத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டுகிறான். அந்தக் கதவுக்கு உள்ளே சங்கிலியை மாட்டும் சத்தம் கேட்கிறது. முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட ஆரம்பிக்கிறது. விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று அவன் வெறுங்கைகளை ஆட்டிக்கொண்டே நிற்கிறான்.