ஆறு மேசையும் ஓர் அணிலும்

தேர்வை விட்டு மூன்று விநாடி கவனம் விலகினால், மேசை வினாத்தாளை மூடிவிடும். செங்கமலத்தின் மகள் இளவேனிலுக்குப் போன வருஷம் கணக்குத்தாள் பதினொரு நிமிஷத்தில் மூடிக்கொண்டது. ஜன்னலில் அணில் வந்ததுதான் காரணம். அதற்குள் எல்லாக் கணக்கையும் மனசிலேயே போட்டு முடித்திருந்தாள், எழுதத்தான் இல்லை. இந்த வருஷமும் மூடினால் கல்லூரியை மறந்துவிட வேண்டியதுதான்.

செங்கமலம் மகளை ஓரிடத்தில் உட்காரச் சொல்லவில்லை. அவள் ஓடுகிற இடத்திலெல்லாம் ஒரு புத்தகம் வைத்தாள். மாடிப்படியில் இயற்பியல், குளியலறையில் வேதியியல், பூனைக்கூடை மேல் விலங்கியல். பிறகு தேர்வு அதிகாரியிடம் போய், பாடத்துக்கு ஒன்றாக ஆறு மேசை கேட்டாள்.

"ஏம்மா, ஆறு பரீட்சையும் ஒரே நாள்லயா? புள்ள கொழம்பிடாது?"

"ஒண்ணு குடுத்தாதான் சார் கொழம்பும்."

ஒருவருக்கு ஒரு மேசைதான் என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அதிகாரி மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வன்று கணக்கை விட்டு ஓடிய கவனம் இயற்பியலில் விழுந்தது, அங்கிருந்து தமிழுக்குத் தாவியது. எங்கே போனாலும் தேர்வுதான் என்பதால் ஒரு மேசையும் மூடவில்லை. நடுவில் அதே அணில் வந்தது. 'ஒரு பாலூட்டியை வரைக' என்ற கேள்விக்கு அதைப் பார்த்தே வரைந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறும் முடிந்தன.

மாநிலத்தில் முதலிடம். விலங்கியலில் மட்டும் ஒரு மதிப்பெண் குறைந்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் செங்கமலம்.

"வால் வரையறதுக்குள்ள ஓடிடுச்சும்மா. ஒரு எடத்துல உக்காரவே தெரியல அதுக்கு."