கடைசி வரிசையில் ஒரு பெண்

மூன்றாவது முறையாக அவர் திரும்பிப் பார்த்தார்.

அவளும் திரும்பினாள். கடைசி வரிசையில் ஒரு பெண். தனியாக. தலையை மூடி இழுத்துவிட்ட முந்தானை.

யாரென்று புருஷனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்புவார். ஒரு மாதமாக அதுதான் நடக்கிறது.

போன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறார். லாரி லோடு விஷயம் என்கிறார். லோடு விஷயம் பேசிவிட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவதில்லை.

திரையில் அவளுடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. திருநங்கை ஓவியர் ஒருத்தியின் கதை. ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். முப்பது இருக்கைகள் உள்ள சின்னத் தியேட்டர். யாரும் வந்து ஒட்டி உட்காரக் கூடாதென்று பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்திருந்தாள்.

வீட்டை விட்டுத் துரத்தியது வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தது வந்தது. நடிகை அழகாக அழுதாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கவனமெல்லாம் முதுகுக்குப் பின்னால்.

தோழிகளின் புருஷன்மார் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, வீட்டார் பார்த்த பெண்ணோடு போனவர்கள். போவதற்கு முன்னால் அவர்களும் மாடியில் நின்றுதான் பேசினார்கள்.

இவளுக்குப் பதினெட்டு வருஷம். அதனால் பயம் கூடத்தான் செய்தது.

கல்யாணக் காட்சி வந்தது.

மலைக்கோயில். அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து ஒருத்தரும் இல்லை. கூடப் பிறந்த அக்கா பவுனு கூட வரவில்லை. நாத்தனார் போட வேண்டிய முடிச்சையும் அவரே போட்டார்.

அதைத்தான் அவள் வரைந்தாள். குனிந்த கழுத்து, பின்னால் இரண்டு கைகள். அந்த ஓவியம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேட்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த நாத்தனாரைக் கிழிக்காமல் விட்டதில்லை.

அந்த ஓவியத்தை மட்டும் அவர் நின்று பார்த்ததே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது.

திரையில் நடிகை குனிந்தாள். மாப்பிள்ளையாக நடித்தவர் முதல் முடிச்சைப் போட்டார்.

பின்னாலிருந்து இன்னும் இரண்டு கைகள் வந்தன. வளையல் போட்ட கைகள்.

அவசரமாக இரண்டு முடிச்சு. நடிகை நிமிர்வதற்குள் அந்த உருவம் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"இத நான் டைரக்டர்கிட்ட சொல்லலியே," என்றாள்.

"நான்தான் சொன்னேன்," என்றார் அவர். "தன் மாமியா வீட்ல தெரிஞ்சா தன்னைய அத்து விட்டுருவாங்கன்னு அக்கா அப்ப சத்தியம் வாங்கிட்டா. மாமியா செத்தப்புறம்தான் படத்துல வரட்டும்னா. உம்மூஞ்சில முழிக்கத்தான் இன்னும் பயப்படுறா."

அன்றைக்குக் கழுத்துக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது உண்மை. தலையில் பூவைச் சரிசெய்கிற பூக்காரி என்று நினைத்திருந்தாள்.

கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. வருஷம் தவறாமல் ஆடிப்பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றியாகிவிட்டது. அந்த முடிச்சு எப்போதோ ஆற்றோடு போய்விட்டது.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.