எங்க இருக்கே?

"உங்க பேர்ல செல்போன் இருக்காக்கா?"

கேள்வி கோவிந்தம்மாளுக்கு. பதில் சொன்னவர் அவள் புருஷன் சுப்பராயலு.

"இருக்குதுங்க. இந்தா!" சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "அவ பேர்லதான் வாங்கினது. ஆனா எங்கிட்டதான் இருக்கும். அவளுக்கு இன்னாங்க தெரியும்?"

லூர்துசெல்விக்குச் சுள்ளென்று வந்தது. 'பெண்களும் தொழில்நுட்பமும்' என்று எம்.ஃபில். ஆராய்ச்சி. மூணு நாளாகக் கிளியனூரில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். இது நாற்பதாவது வீடு, கடைசிப் படிவம். நாளைக்கே விழுப்புரத்தில் பேராசிரியர் மேஜையில் எல்லாம் இருந்தாக வேண்டும். கால் இரண்டும் கழண்டுவிடும் போல இருந்தது.

"அக்காவே சொல்லட்டுங்க."

"சொல்லட்டுமே, நானா வேணாங்கறேன்? ஏம்மே, உனக்கு போன் போடத் தெரியுமா?"

கூடை நிறைய வேர்க்கடலையோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் தலையே நிமிரவில்லை. "தெரியாதுங்க."

'இயக்கத் தெரியாது' என்ற கட்டத்தில் லூர்துசெல்வி டிக் போட்டாள். பேனா அழுந்தியதில் காகிதம் கிழியாததுதான் பாக்கி.

அதற்குள் அவள் கைப்பையில் போன் அடித்தது. கணவன் சின்னப்பராஜ், திண்டிவனத்திலிருந்து.

"எங்க இருக்கே?"

"கிளியனூர்லதாங்க."

"பஸ் சத்தம் கேக்குது?"

"ரோட்டோரத்து வீடுங்க."

வைத்துவிட்டான். லூர்துசெல்வி சுப்பராயலு பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அவங்க பேர்ல இருக்கற போனை நீங்க வச்சிக்கினு இருக்கறது நியாயமா? ஒரு பொம்பளைக்கு செல்போன்றது சுதந்திரங்க."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார் மனுஷன். அவர் பையில் போன் அடித்தது. "இந்த போனுக்கு உள்ள டவர் சரியா எடுக்காது" என்று சொல்லிவிட்டு, காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்.

அப்பாடா, போய்த் தொலைந்தார்!

"இப்ப மனசுல உள்ளதைச் சொல்லுங்கக்கா. கேள்வி ஒன்பது. செல்போன் கையில் இல்லாததால் நீங்கள் இழந்தது என்ன?"

கோவிந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் லூர்துசெல்வியின் போன் மறுபடி அடித்தது.

"எங்க இருக்கே?"

"அதே வீடுதாங்க."

"பக்கத்துல யாரு? குடு."

லூர்துசெல்வி கோவிந்தம்மாள் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள். "எங்க வீட்டுக்காரர்... நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா."

கோவிந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "ஆமாங்க. கிளியனூருதான். எங்க வூட்லதான் குந்திக்கினு இருக்குது."

போன் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் குரல் ஏறியிருந்தது.

"இந்தத் தடவை அஞ்சு ரிங் கழிச்சு எடுக்கறே. இன்னொரு தபா லேட்டா எடுத்தே, ஆராய்ச்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வீட்லயே கெட!"

அவ்வளவு சத்தம். கோவிந்தம்மாளுக்குக் கேட்காமலா இருக்கும்?

கோவிந்தம்மாள் கையிலிருந்த மல்லாட்டையைக் கூடையில் போட்டாள்.

"ஒம்பதாவது கேள்வி இன்னாம்மா சொன்னே?"

"போன் இல்லாததால நீங்க என்ன இழந்தீங்கன்னு..."

"நான் இன்னாத்த இழந்தேன்? எம் பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தது. ஒரு மாசம் இடுப்புல சொருவிக்கினுதான் திரிஞ்சேன். கொல்லைக்குப் போனா, யார் யார் போனையோ வாங்கி இவரு 'எங்க இருக்கே'. ரேஷன் கடைக்குப் போனா 'எங்க இருக்கே'. ஒண்ணுக்குக் குந்தினாக்கூட 'எங்க இருக்கே'! பெரிய பேஜாராப் போச்சு. 'எனக்கு இது ஒண்ணும் புரியலைங்க, நீங்களே வச்சிக்குங்க'ன்னு அவரு கையிலயே குடுத்துட்டேன்."

"அப்போ... உங்களுக்கு போன் போடத் தெரியுமா?"

"எழுதிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும். தெரியாதுன்னே இருக்கட்டும்."

லூர்துசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு படிவங்களை அடுக்கினாள். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"வர்றேங்கக்கா. நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும். இனிமே வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அடிச்சிக்கினேதான் இருப்பாரு. பஸ்ஸுல கண்ணு அசந்துட்டா தொலைஞ்சேன்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அவள் பதறி எடுப்பதற்குள் கோவிந்தம்மாள் அதைப் பிடுங்கி, பச்சைப் பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள்.

"யாரு, தம்பியா? அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குக் கெளம்பிடுச்சே! எழுதற மும்முரத்துல போனை எங்க வூட்லயே மறந்து வச்சிட்டுது, பாவம். நாளைக்கி வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

'இயக்கத் தெரியாது' என்று டிக் வாங்கிய அந்த அம்மாள், சிவப்புப் பட்டனை வெளிச்சம் அணைகிற வரைக்கும் அமுக்கிப் பிடித்தாள். போனை மல்லாட்டைக் கூடைக்குள் போட்டு மூடினாள்.

"ஜல்தி போ கண்ணு. திண்டிவனம் வரைக்கும் நல்லா தூங்கிக்கினு போ. யாரும் எழுப்ப மாட்டாங்க."