பதினோராவது திருட்டு

ராலிட்சா ஒரு பெரிய பாலாடைக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தோஷ்காவின் மளிகைக் கடையை விட்டு வெளியே வந்தாள். பணம் கொடுக்கவில்லை. ஓடவும் இல்லை. போலீஸ் வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஸ்டானிமிருக்கு அதுதான் உறுத்தியது.

டான்யூப் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் இரண்டு வாரத்துக்குள் இது பதினோராவது திருட்டு. ஒருவன் சைக்கிள் மணியைத் திருடினான். ஒருத்தி மருந்துக் கடையில் டூத் பிரஷ். இன்னொருவன் பூங்காவில் ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கி, மண் உதிர உதிர நேராக ஸ்டேஷனுக்கே கொண்டுவந்துவிட்டான். எல்லாரும் முப்பது வயதுக்குள். ஒருவர் கூட அதற்கு முன் ஸ்டேஷன் படியேறியதில்லை.

“வேலை வெட்டி இல்லாத பசங்க சார். கெட்டுப்போறாங்க” என்றான் கான்ஸ்டபிள் வெலிச்கோ.

“கெட்டுப்போறவன் மாட்டிக்காம கெட்டுப்போவான்யா. இதுக்குப் பின்னாடி ஒரு மூளை இருக்கு. எவனோ நம்மளை இந்தச் சில்லறைக் கேஸ்லயே சுத்தவிட்டுட்டு, வேற எதுக்கோ திட்டம் போடறான்.”

வெலிச்கோ ஒரு மணி நேரம் அலைந்து ஒரு தகவலோடு வந்தான். பதினொரு பேருமே வசந்த காலத்தில் நகராட்சித் தொழிற்பயிற்சி மையத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர்கள். பதினொரு பேரையும் மையம் நிராகரித்திருந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஆற்றுத் துறைமுகத்தில் மறுநாளே வேலை.

ஸ்டானிமிர் மேஜையைத் தட்டினார். “பார்த்தியா! ஆத்திரம். மையத்தைப் பழிவாங்கப் போறாங்க.”

ராலிட்சா எதிரே வந்து உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது. தையல் ஆலை மூடி இரண்டு வருடமாகிறது. கூட வேலை பார்த்தவர்கள் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு இவளால் போக முடியவில்லை. பின்னாலேயே தோஷ்காவும் மூச்சிரைக்க வந்தாள்.

“இன்ஸ்பெக்டர், கேஸெல்லாம் வேணாம். நம்ம ராலிட்சா தங்கமான பொண்ணு. ஏதோ பசி, எடுத்துட்டா. நான் மன்னிச்சுட்டேன்.”

ராலிட்சா பதறிவிட்டாள். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், மன்னிக்காதீங்க!”

“என்னடி சொல்றே?”

“திருடினேன்க்கா. தெரிஞ்சேதான் திருடினேன். இப்ப விட்டா நாளைக்கும் வருவேன். உங்க கல்லாப்பெட்டியிலேயே கை வைப்பேன்.”

தோஷ்கா வாயைப் பிளந்தபடி புகாரில் கையெழுத்துப் போட்டாள்.

“சார், எஃப்.ஐ.ஆர். காப்பி ஒண்ணு வேணும்” என்றாள் ராலிட்சா. “சீல் தெளிவா விழணும். நாலு மணிக்குள்ள கிடைச்சுடுமா?”

“நாலு மணிக்கு என்ன?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து வரை சிவந்துவிட்டது. “வெளியே சொல்ற மாதிரி இல்லை சார். வெக்கமா இருக்கு.”

ஸ்டானிமிர் மறு பேச்சில்லாமல் சீல் குத்திக் கொடுத்து அவளை அனுப்பினார். வெலிச்கோவைத் தனியே கூப்பிட்டார். “நாலு மணிக்குத்தான் ஏதோ நடக்கப்போகுது. நீ ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு மையத்தோட பின்வாசலுக்குப் போ. நான் இவ பின்னாடி போறேன்.”

ராலிட்சா வேகவேகமாக நடந்தாள். சந்தையைத் தாண்டினாள், பேருந்து நிலையத்தைத் தாண்டினாள். அவர் நினைத்தபடியே பயிற்சி மையத்துக்குள் நுழைந்தாள்.

மணி மூன்று. ஸ்டானிமிர் துப்பாக்கி உறையில் கையை வைத்தபடி கதவைத் தள்ளினார். உள்ளே சைக்கிள் மணிக்காரன், டூத் பிரஷ்காரி, ரோஜாச் செடிக்காரன், மற்ற ஏழு பேர், கடைசியில் ராலிட்சா.

“யாரும் அசையக் கூடாது!”

யாரும் அசையவில்லை. அசைந்தால் வரிசையில் இடம் போய்விடும்.

கவுன்டரில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தாள். “வாங்க இன்ஸ்பெக்டர்! உங்களுக்கு நேர்லயே நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

“எனக்கா? எதுக்கு?”

“பன்னெண்டு சீட்டுங்க. வசந்தத்துல ஒருத்தர் கூடத் தேறலை. எல்லாருமே நல்ல பசங்க, என்ன பண்றது? இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆள் சேரலைன்னா திட்டத்தையே திருப்பி அனுப்பச் சொல்லி தலைநகர் சோபியாவுல இருந்து கடிதம் வந்துடுச்சு. நீங்க மளமளன்னு கேஸ் போட்டீங்களோ, பொழைச்சோம். பதினோரு சீட்டு ஆச்சு.”

அவள் சுவரைக் காட்டினாள். ஸ்டானிமிர் கிட்டே போய்ப் படித்தார்.

‘வழிதவறும் அபாயத்தில் உள்ள இளைஞர்களுக்கான இலவச கிரேன் பயிற்சி. தகுதி: விண்ணப்பதாரர் மீது குறைந்தது ஒரு குற்ற வழக்காவது பதிவாகியிருக்க வேண்டும். நன்னடத்தை உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’

இரண்டு முறை படித்தார். பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் வெலிச்கோ யாரையோ எதிர்பார்த்து மழையில் நின்றிருந்தான்.

ஸ்டானிமிர் துப்பாக்கி உறையின் பொத்தானைப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. தாழ்வாரத்தின் மூலைக்குப் போய், வீட்டுக்குப் போன் போட்டார்.

“மிரோ, இன்னும் தூங்கிட்டுதான் இருக்கியா? எழுந்திரு. எதிர்க் கடைக்குப் போய் கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு. ஓடித் தொலைச்சுடாதே, அப்பா வந்து பிடிக்கிறேன்.”