பதினேழாம் பக்கம், நாலாவது வரி

"கடையில இருக்கேன். பதினேழாம் பக்கம், நாலாவது வரி, மூணாவது வார்த்தை."

போனில் ஹலோ இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. ஒராஸ் அண்ணன் இதை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு நிமிஷம் கழித்து மறுமுனையில் ஒரு கரகரத்த குரல், "ஹார்பர்" என்றது. உடனே போன் துண்டிக்கப்பட்டது.

அந்த வார்த்தையை லேப்டாப்பில் தட்டினார். நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு திறந்தது.

"யாருண்ணே அது, போலீஸ்காரரா?"

"எங்க அண்ணன் அமன்தாய். தெமிர்தாவுல இருக்கார்."

கராகண்டா நகரத்துப் பஜாரின் மாடியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. முப்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டுகளைப் புது கம்ப்யூட்டரில் ஓட வைப்பதில் ஊரிலேயே நான்தான் கெட்டிக்காரன். யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராமை உள்ளே போட்டு, வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கப்பல் பாறையில் மோதிவிடும். ஒராஸ் அண்ணனுக்கு மூன்று வாரம் முன்பு போட்டுக் கொடுத்தேன். இன்று சத்தம் வரவில்லை என்று வந்திருந்தார்.

"எதுக்கு அவர்கிட்ட கேக்கறீங்க?"

"திறக்கும்போதெல்லாம் கையேட்டுலேர்ந்து ஒரு வார்த்தை கேக்குதே! கையேடு அவர்கிட்டதான் இருக்கு."

திருட்டுப் பிரதியைத் தடுக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. கையேடு கையில் இருப்பவன்தான் விளையாட முடியும்.

"போய் வாங்கிட்டு வந்துடுங்களேன். பஸ்ஸுல ஒரு மணி நேரம்கூட ஆகாது."

"பேசி ஒன்பது வருஷமாச்சுப்பா. எங்க வழக்கப்படி கடைக்குட்டிக்குத்தானே அப்பா வீடு? அவரைக் கேக்காம வித்துட்டேன். 'வீட்டை நீ தின்னுட்டே, இதையாவது நான் வெச்சுக்கறேன்'னு அந்தக் கையேட்டைத் தூக்கிட்டுப் போயிட்டார். காலேஜ் நாள்ல ரெண்டு பேரும் ஒண்ணா விளையாடினது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கோபத்தை ஒரு கிழிந்த புத்தகத்தில் வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவனைத் தினமும் கையேந்த வைக்கிற ஒரு அண்ணன்!

"நீங்க டீயைக் குடிங்க."

அவர் குடிப்பதற்குள் சத்தத்தைச் சரிசெய்தேன். கையோடு அந்தக் கேள்வியையும் பிடுங்கி எறிந்தேன்.

"இனிமே நேரா விளையாடலாம். யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். இதுக்குக் காசும் வேண்டாம்."

அவர் திரையையே பார்த்தார். "ம்... சரி" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை? மூச்! வலியப் போய் உதவி செய்தால் இப்படித்தான்.

நாலு நாள் கழித்து, தொப்பியில் பனியோடு ஒரு பருத்த மனிதர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"மெய்ராம்ங்கறது நீதானா? ஒராஸோட விளையாட்டுல கேள்வியை எடுத்தியா?"

அந்தக் கரகரத்த குரல்!

"ஆமா, எடுத்தேன். என்ன இப்போ?"

"திரும்ப வை."

"உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? தம்பி நிம்மதியா விளையாடினா பொறுக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு நாளா போன் வரலப்பா. உடம்புக்கு என்னவோன்னு பயந்து இன்னிக்கு அவன் வீட்டுக்கே போனேன். ஜன்னல் வழியா பார்த்தா விளையாட்டு திறந்திருக்கு. கப்பல் நின்ன இடத்துலயே நிக்குது. அவன் அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கான். என்னைக் கேக்காமலே திறந்திருக்குன்னா, அவன் போன்ல சொன்ன ரிப்பேர் கடை மெய்ராம் வேலையாத்தான் இருக்கணும்னு வந்தேன்."

"கதவைத் தட்டியிருக்கலாமே?"

"தட்டிட்டு? 'ஏண்டா கேள்வி கேக்கல'ன்னு கேக்கறதா?"

"போன் வரலைன்னா உங்களுக்கென்ன? வார்த்தையைச் சொன்னதும் வெச்சுடறீங்களே!"

"கடையில இருக்கேன்னு சொன்னான், வெச்சேன். ஊரார் முன்னாடி நாங்க பேசாதவங்கதான். வீட்டுலேர்ந்து கூப்பிட்டா, முதல் வாரம் வார்த்தை மட்டும். ரெண்டாவது வாரம், 'அங்க பனி எப்படி'ன்னான். போன வாரம் அம்மா பவுர்சாக் பொரிக்க மாவுல பால் விடுவாளா, மோர் விடுவாளான்னு அரை மணி நேரம் சண்டை. எவ்வளவு நாளாச்சு தெரியுமா, அவன்கூட அப்படிச் சண்டை போட்டு!"

போனை எடுத்தேன்.

"ஒராஸ் அண்ணே, நான் செஞ்சதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கேள்வியைத் திரும்ப வெக்கணும். இல்லன்னா விளையாட்டு கெட்டுப்போயிடும்."

"இதோ வர்றேன்" என்றார். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவர் அவசரமாக எழுந்து தொப்பியை மாட்டினார்.

"இருங்களேன், அவரே வர்றார்."

"ஐயையோ, வேண்டாம். நான் வந்தது தெரியக் கூடாது. நீ வேலையை முடி. சாயங்காலம் அவனே கூப்பிடுவான்."

"சரி, அந்தக் கையேட்டையாவது பத்திரமா வெச்சுக்குங்க. அது தொலைஞ்சா எல்லாம் போச்சு."

படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தக் கையேடு? அதை அன்னிக்கே ஆத்திரத்துல அடுப்புல போட்டுட்டேன். அந்த வார்த்தையெல்லாம் இன்டர்நெட்டுல கொட்டிக் கிடக்கு. அவன் கேட்டதும் என் பொண்ணு தேடிச் சொல்லுவா."

"ஐயோ, அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா?"

"நாள் முழுக்க போனும் கையுமா இருக்கறவன்ப்பா. அவனுக்கு மட்டும் தேடத் தெரியாதுன்னா நினைக்கிறே?"